குடம் என் கையிலேயே இருக்கட்டும்

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நாளெல்லாம் எனக்கும் என் பேரனுக்கும் ஒரு சின்ன வழக்கு நடக்கும். நான் நிறைந்த குடத்தில் கை வைப்பேன். அவன் எங்கிருந்தோ ஓடிவந்து, "நீங்க எதுக்குத் தாத்தா தூக்கறீங்க, வெச்சிருங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவான். பார்க்கிறவர்கள், பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். பெரியவர் கையில் சுமை இருக்கப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அந்தப் பாடத்தைத்தான் இப்போது திருத்த வேண்டியிருக்கிறது. எனக்கு வயது 74. பிள்ளைகளே, இதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அப்பா குழித்தறி நெய்தவர். எங்கள் ஊரான இளம்பிள்ளையில் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது தறிக்குழிதான், அடுப்பங்கரை அப்புறம். குழிக்குள் காலை விட்டு அவர் உட்கார்ந்துவிட்டால் ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கும், ஒரு கை அச்சுப் பலகையைத் தள்ளி அடிக்கும், கீழே கால் மிதியை அமுக்கும். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஆறு கெஜச் சேலைக்கு 216 அங்குலம். கிட்டத்தட்ட 13,000 மிதி. அதில் பாதிக்கு மேல் ஜக்கார்டின் கனத்தையும் சேர்த்துத் தூக்குகிற மிதி. முந்தி ஓடும்போது அவர் தொடையில் நரம்பு புடைத்து அடங்குவதை, தார் சுற்றிக்கொண்டே பார்த்து வளர்ந்தவன் நான்.

தறி அவருக்கு நல்லதே செய்தது என்று சொல்ல மாட்டேன். முதுகு வளைந்தது. கண் சீக்கிரம் மங்கியது. கூலியோ ஒரு நாளும் வீட்டுக்குப் போதியதில்லை. ஆனாலும் எழுபதைத் தாண்டிய பிறகும் குழியின் விளிம்பை ஒரு கையால் தொட்டதும் எழுந்து நின்றுவிடுவார். அது பெரிய காரியம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. என் காலை நானே இழந்த பிறகுதான் தோன்றியது.

ஊரில் விசைத்தறி பெருகியபோது நானும் மாறினேன். காலின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. நான் நின்றேன், தறிக்கும் தறிக்கும் நடுவே நடந்தேன், அறுந்த இழையை முடிந்தேன். 64 வயதில் அதையும் மகன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலமெல்லாம் உழைத்தவனுக்கு ஓய்வு உரிமை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மூன்று ஆண்டு கழித்து ஓர் அமாவாசையன்று எங்கள் ஊர்ப் பக்கத்துச் சித்தர்கோவிலுக்குப் போயிருந்தேன். அமாவாசைக்கு அங்கே கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். தரையில் பந்தி. சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். இலையை மடித்துவிட்டு எழப் பார்த்தேன், எழ முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. மனம் 'எழு' என்றது, கால் கேட்கவில்லை. அடுத்த பந்திக்கு ஆட்கள் நிற்கிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் முகத்தில் இருந்த இரக்கத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

என்னைக் குழப்பியது ஒன்றுதான். என் எடை 58 கிலோ. முப்பது வருஷமாக அதே 58. தொப்பை இல்லை, சர்க்கரை இல்லை. எடை மாறாத உடம்பு மாறாத உடம்பு என்று நினைத்திருந்தேன். முதலில் போய்க் காட்டிய இடத்தில், "வயசாயிருச்சுங்கய்யா, அலட்டிக்காம ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். ஓர் ஆண்டு அலட்டிக்கொள்ளாமல் இருந்தேன். அந்த ஓர் ஆண்டில் மாடிப்படி எனக்கு மலையாகிவிட்டது. வயது என்பது நோயின் பெயரன்று. முதியோருக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்று டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கியது 1978-ல். அது நடந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகியும், வயதையே காரணமாகவும் வைத்தியமாகவும் சொல்லும் வழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை.

பிறகு முதுகுவலி வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் வந்தது. வேறொரு டாக்டர் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரல் வைத்துக் காட்டினார். "இது தசை. கருப்பா, ஒரே சீரா இருக்கணும். நடுவுல வெள்ளை வெள்ளையா ஓடுது பாருங்க. அது கொழுப்பு."

நான் நெசவாளி. பார்த்ததும் புரிந்தது. கருப்புப் பாவில் யாரோ வெள்ளை ஊடையை விட்டுவிட்டிருந்தார்கள். அங்கே இரண்டு இழை, இங்கே ஒரு பட்டை, கீழே போகப் போக வெள்ளையே மிகுதி. சேலையின் அகலம் குறையவில்லை, எடையும் குறையவில்லை. உள்ளே நூல்தான் மாறிவிட்டது. தராசு எப்படிச் சொல்லும்?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் முன்னோர் சொன்னார்கள். அன்றைக்கு இளைத்தவன் ஒருவன், கொழுத்தவன் வேறொருவன். இன்றைக்கு இருவரும் ஒரே வேட்டிக்குள் இருக்கிறார்கள். வெளியே இளைத்தும் உள்ளே கொழுத்தும் போன உடம்பு நம்மில் மிகப் பலருக்கு இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் உடம்பையே சான்றாக வைத்து லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. படத்தில் இருவரும் ஒல்லியாகத்தான் தெரிவார்கள். ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாக இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கிற இளைஞர்களும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது அறுபதில் தொடங்குகிற கதை அன்று.

தசை கொழுப்பாக மாறிவிடுகிறது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி மாறுவதில்லை. தசை இழைகளுக்கு இடையே, பழுது வந்தால் உதவுவதற்கென்று சில செல்கள் காத்துக் கிடக்கின்றன. உழைக்கிற தசையில் அவை பழுதுபார்ப்புக்குத் துணை நிற்கும். வேலை நின்று, நரம்பின் கட்டளையும் வந்துசேராத தசையில் அவற்றில் பல கொழுப்புச் செல்களாகிவிடும். வயது ஏற ஏறத் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளும் குறைகின்றன. முதலில் போவது சட்டென்று எழ, தடுமாறினால் சட்டென்று கால் ஊன்ற உதவும் வேகமான இழைகள். காலி வீட்டில் யாராவது குடியேறத்தானே செய்வார்கள். அப்படிக் குடியேறிய கொழுப்பு சும்மா இருப்பதுமில்லை. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். கொழுப்பு ஊடுருவிய தசை அந்த வேலையில் மந்தமாகிவிடுகிறது. நீரிழிவுக்கு அது ஒரு வாசல்.

இந்தத் தசைத் தேய்வுக்கு ஒரு பெயர்கூட இல்லாமல்தான் உலகம் வெகுகாலம் இருந்தது. 1989-ல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'சார்கோபீனியா' என்று வைத்தார். சதைக் குறைவு என்று பொருள். 1997-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், மெம்ஃபிஸ் நகரங்களில் 70 முதல் 79 வயது வரை உள்ள 3,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் கால் தசை குறைந்தது. காலின் பலமோ ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் குறைந்தது. அளவு குறைவதற்கு முன்னால் தரம் கெட்டுவிடுகிறது. எடை கூடினவர்களுக்கும், குறைந்தவர்களுக்கும், என்னைப் போல மாறாதவர்களுக்கும் தொடைத் தசைக்குள் கொழுப்பு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஸ்கேன் எடுக்கச் சொன்ன அந்த டாக்டர் என்னை ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். என் பேத்தி வயதுதான் இருக்கும். கையூன்றாமல் நாற்காலியில் இருந்து எழச் சொன்னது. நான் முயன்று தோற்றேன். "பரவால்ல தாத்தா, ரெண்டு தலகாணி போட்டு உயரமாக்கிக்கலாம். உயரத்துல இருந்து எந்திரிச்சுப் பழகுங்க. அப்புறம் ஒரு தலகாணியை எடுத்துரலாம்" என்றது. எனக்கு அவமானமாக இருந்தது. என் முகத்தைப் படித்த அந்தப் பிள்ளை ஒன்று சொன்னது: "தொண்ணூறு வயசுக்காரங்களையே எடை தூக்க வெச்சிருக்காங்க தாத்தா. நீங்க சின்னப் பையன்."

அது உண்மையில் நடந்தது. அதை நான் பிற்பாடு தேடிப் படித்தேன். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்வின் பிற்பகுதியைத் திருப்பிய செய்தி அது. பாஸ்டனில் ஒரு முதியோர் மறுவாழ்வு இல்லம். மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் அங்கே இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தார். சராசரி வயது 90. கைத்தடி பிடித்தவர்கள், விழுந்து எழுந்தவர்கள், பல நோய் உள்ளவர்கள். அந்த வயதுக்காரர்களுக்கு நாம் என்ன கொடுப்போம்? மெத்தென்ற ஒரு தலையணை கொடுப்போம். அவர் எடை கொடுத்தார். அதுவும் பெயருக்குக் கொடுக்கவில்லை. ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எவ்வளவோ, அதில் 80 சதவீதம் வரை ஏற்றினார். உட்கார்ந்த இடத்தில் காலை நீட்டித் தூக்க வேண்டும். எட்டு முறை, அப்படி மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். எட்டு வாரம். ஒருவர் இடையில் நிற்க, ஒன்பது பேர் முடித்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த செய்தி இது.

நான்கு ஆண்டு கழித்து அவரும் அவர் குழுவும் 100 பேரை வைத்துப் பத்து வாரம் மறுபடி செய்து பார்த்தார்கள். சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரட்டிப்புக்கும் மேலாகக் கூடியது; நடையில் வேகம் வந்தது; படியேறும் திறன் 28 சதவீதம் உயர்ந்தது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குக் காலில் ஒன்றும் கூடவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாதாமாதம் சத்து மாவு டப்பா வாங்கி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். டப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை கொடுக்காத தசைக்குத் தீனி மட்டும் போட்டால் அது போய்ச்சேரும் இடம் வேறு.

அந்தத் தீனிக்கும் ஓர் அளவு உண்டு. வயதுவந்தவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் கணக்கு. முதியவருக்கு அதற்கும் மேல், ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்கிறார்கள் முதியோர் மருத்துவர்கள் பலர். சேலம் சீமையில் இதற்கு எங்கும் போக வேண்டாம். நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, கடலை, முட்டை; இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டு தலையணையில் தொடங்கி, ஒன்றாகி, ஒன்றுமில்லாமல் ஆக எனக்கு இரண்டரை மாதம் ஆனது. பிறகு மருமகள் பழைய வேட்டித் துணியில் இரண்டு பை தைத்துக் கொடுத்தாள். ஆற்று மணலை அலசிக் காயவைத்து ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ நிரப்பி, வாயைத் தைத்து, கட்டுவதற்கு நாடா வைத்திருந்தாள். கணுக்காலில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். தூக்குவதைவிட மெல்ல இறக்குவதுதான் கடினம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது, இவ்வளவுதான் மற்றவை. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, இரத்தக் கொதிப்பு ஏறும்; தூக்கும்போது மூச்சை விட வேண்டும். இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குச் சுமை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. அது முதியவருக்கும் சேர்த்துத்தான்.

நான் ஒரு நாள் கேட்டேன்: "கண்ணு, மறுநாள் தொடையெல்லாம் வலிக்குது. பொறுத்துக்கறதா, நிறுத்திக்கறதா?" அந்தப் பெண், "மூட்டுக்குள்ள குத்துனா நிறுத்திருங்க தாத்தா. தொடை பூரா கனமா, உழைச்ச மாதிரி வலிச்சா பொறுத்துக்கங்க. ரெண்டு நாள்ல அது பலமாயிரும்" என்றது.

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பதை என் தலைமுறை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. கூலி குறைந்தால் பொறுத்தோம், நூல் விலை ஏறினால் பொறுத்தோம். முதுமை வந்ததும், கால் ஓய்ந்ததையும் அதே போலப் பொறுத்துக்கொண்டோம். பொறுமை என்பதில் இரண்டு வகை உண்டு என்று எங்களுக்குத் தெரியவில்லை. வருவதைத் தாங்குவது ஒன்று. வேண்டியதை விடாமல் செய்வது இன்னொன்று. கிணற்றில் விழுந்த கல்லும் பொறுமையாகத்தான் கிடக்கிறது. கமலை இழுத்த மாடும் பொறுமையாகத்தான் இழுத்தது. தண்ணீர் மேலே வந்தது எதனால் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஓர் ஆயா இருந்தார். 81 வயது. தார் சுற்றிக் கொடுப்பார், ரேஷன் கடைக்கு நடந்து போய் வருவார், வாசல் பெருக்குவார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கினார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, சுளுக்குத்தான். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். கட்டில் போட்டார்கள், சாப்பாடு கட்டிலுக்கே வந்தது, துடைப்பத்தை ஒளித்து வைத்தார்கள். "எந்திரிக்காதீங்கம்மா, நாங்க இருக்கம்ல" என்று மூன்று பிள்ளைகளும் மாறி மாறிச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு ஆயா எழ நினைத்தபோது கால் இல்லை. அதற்குப் பிறகு அவர் வாசலைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பிள்ளைகளை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு தாங்கிய பிள்ளைகள் நம் ஊரிலும் குறைவு. ஆனால் 2007-ல் வெளியான ஓர் ஆய்வை அவர்களுக்கு அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம். சராசரி 67 வயதுள்ள, நோயில்லாத பன்னிரண்டு பேரைப் பத்தே பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் இருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. பத்து நாளுக்கு அப்படியென்றால் மூன்று மாதத்துக்கு என்ன ஆகும்? தாங்குகிற கையும் சில நேரம் காலை வாங்கிவிடும்.

இப்போது மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசுத் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வருவதுபோல, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே இயன்முறை மருத்துவம் வருகிறது. மாத்திரையை வாங்கி வைக்கும் வீடுகள் இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

நம் ஊர்களில் இளவட்டக்கல் இருந்தது. கர்லாக்கட்டை சுழற்றினார்கள், தண்டால் பஸ்கி எடுத்தார்கள். சுமையின் அருமை நமக்குப் புதிதன்று. ஆனால் கல்லை மாப்பிள்ளைக்கு வைத்தோமே தவிர மாமனாருக்கு ஒன்று வைக்கவில்லை. அன்றைக்கு வைக்க வேண்டிய தேவையும் இல்லை; உரலும் ஏற்றமும் மிதியும் அவருக்குக் கல்லாக இருந்தன. அவையெல்லாம் போன பிறகாவது வைத்திருக்கலாம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கஞ்சமலையின் கதையை என் ஆயா சொல்லுவார். சித்தர் ஒருவர் கிழச் சீடனோடு மூலிகை தேடி மலைக்கு வந்தார். சீடன் உலை வைத்தான். அகப்பை இல்லாததால் கைக்குக் கிடைத்த ஒரு குச்சியை ஒடித்துச் சோற்றைக் கிண்டினான். சோறு கருத்தது. குரு கோபிப்பாரே என்று பயந்து கருத்த சோற்றை அவனே தின்றுவிட்டான். குரு திரும்பி வந்து பார்த்தால் கிழவன் இருந்த இடத்தில் இளம்பிள்ளை. நம் ஊர்ப் பெயரே அதனால்தான் வந்தது என்று முடிப்பார். சிறுவயதில் நானும் அந்தக் குச்சியைத் தேடி மலையடிவாரத்தில் அலைந்திருக்கிறேன். ஒரே வாய்ச் சோற்றில் இளமை திரும்ப வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு எவ்வளவு பழையது பாருங்கள். இன்றைக்கும் அதே ஆசைதான் டப்பாவில் விற்கிறது. எனக்குத் திரும்பியது இளமை இல்லை. எழுந்து நிற்கும் உரிமைதான் திரும்பியது, அதுவும் ஒரே வாயில் வரவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எடை தூக்கினால் தசைக்குள் இருக்கும் கொழுப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். பலம் சீக்கிரம் வரும். வெள்ளை இழை அவ்வளவு சீக்கிரம் போகாது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், எழுபது வயது கடந்த 42 பேரில் பாதிப் பேரை ஓராண்டு நடைக்கும் உடற்பயிற்சிக்கும் பழக்கினார்கள். மற்றவர்களுக்கு உடல்நலப் பாடம் மட்டும் நடத்தினார்கள். பாடம் கேட்டவர்களின் தசைக் கொழுப்பு அந்த ஓராண்டில் 18 சதவீதம் கூடிவிட்டது. பழகியவர்களுக்குக் கூடவில்லை. கூடாமல் நிறுத்துவதே அந்த வயதில் வெற்றி. அதற்கு மேல் குறைவது பழக்கத்தின் நீளத்தைப் பொறுத்தது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கிறது. 65 வயது கடந்தவர்களை 24 வாரம் எடை தூக்க வைத்து, 24 வாரம் நிறுத்தி, மறுபடி 12 வாரம் தூக்க வைத்துப் பார்த்தார்கள். நிறுத்திய காலத்தில் தசையில் கொழுப்பு ஏறியது; மறுபடி தொடங்கியதும் இறங்கியது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். போன ஐப்பசியில் எனக்கு டெங்கு வந்தது. மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். ஐந்து வருஷமாகச் சேர்த்தது மூன்று வாரத்தில் போயிற்று. மறுபடி நாற்காலியில் ஒரு தலையணை போட வேண்டியிருந்தது. அன்றைக்கு இரவு அழுதேன் என்று சொல்ல வெட்கப்படவில்லை. ஆனால் ஒரு முறை கட்டிய தசைக்கு வழி தெரியும் போலும். முதல் தடவை இரண்டரை மாதம் எடுத்த வேலை, இந்தத் தடவை நாலே வாரத்தில் முடிந்தது.

தை பிறந்ததும் குடத்துக்கு வந்தேன். வெறும் குடத்தில் மூன்று சொம்புத் தண்ணீர் ஊற்றி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, குடத்தை உடம்போடு அணைத்துத் தூக்கித் திண்ணையில் வைக்க வேண்டும். திரும்ப இறக்க வேண்டும். பத்து முறை. இப்படித் தூக்கலாம் என்று அந்தப் பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடங்கினேன். பத்தும் சுலபமாக முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு சொம்பு கூட்டிக்கொள்வது கணக்கு.

பேரனுக்கு ஸ்கேன் படத்தைக் காட்டினேன். வெள்ளை இழையைக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை தண்ணீர் வந்த அன்று குழாயடிக்கு வந்தான். கை தானாகக் குடத்துக்கு நீண்டது. பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டான். இப்போது சொம்பை அளந்து ஊற்றுவது அவன் வேலை, எண்ணுவதும் அவன் வேலை. இன்று காலை ஒன்பது சொம்பு. எட்டாவது முறை தூக்கித் திண்ணையில் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா, "ஏம்ப்பா, வயசானவரைத் தூக்க விட்டுட்டு வேடிக்கை பாக்கறயே" என்று அவனைக் கடிந்தார்கள். அவன் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டியபடியே என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு இருக்குங்க தாத்தா" என்றான்.